ஐந்து விரல் மடக்குங்கள்: ரக்பி லீக் உலகக் கோப்பையை வேலூரிலிருந்து பார்ப்பது எப்படி

2026 அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் உலகக் கோப்பை நடக்கவிருக்கிறது. பப்புவா நியூ கினியிலும் சில ஆட்டங்கள் உண்டு. ஆண்கள் பிரிவில் பத்து நாடுகள், பெண்கள் பிரிவில் எட்டு, சக்கர நாற்காலிப் பிரிவில் எட்டு.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். சாயங்காலம் பள்ளி விட்டதும் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். கபடி பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு உலகத்தில் வேறு எந்த ஆட்டத்தையும்விட ரக்பி லீக் சீக்கிரம் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. ஆனாலும் முதல் தடவை பார்க்கிறவர்கள் பத்து நிமிஷத்தில் டிவியை அணைத்துவிடுகிறார்கள். பெரிய உடம்புக்காரர்கள் முட்டிக்கொண்டு விழுவது மட்டும்தான் கண்ணில் படுகிறது, எதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லை. அந்தப் பக்கத்து ஆளாக இருந்து சொல்கிறேன்.

முதலில் சரியான போட்டியா என்று பாருங்கள்

ரக்பியில் இரண்டு வகை. இந்தியா சர்வதேச அளவில் ஆடுவதும், சென்னை புல்ஸ் அணி ஆடும் ஏழு பேர் ஆட்டமும் ரக்பி யூனியன் வகை. நாம் பேசுவது ரக்பி லீக். யூனியனுக்கும் தனியாக ஓர் உலகக் கோப்பை இருக்கிறது. அடுத்தது 2027-ல், அதுவும் ஆஸ்திரேலியாவில்தான். அதனால் தேடும்போது வெறுமனே ரக்பி உலகக் கோப்பை என்று போட்டால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். லீக் என்ற சொல்லைச் சேர்த்தே தேடுங்கள்.

ஆட்டத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே தள்ளிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு அணியும் குவியலாக விழுந்து பந்துக்குப் போராடினால் அது யூனியன். விழுந்தவர் தானே எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் அது லீக். லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். யூனியனில் 15 பேர்.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் அடுத்த விதிக்குப் போவதில்லை. வடக்கு இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள்தான் அங்கே ரக்பி ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை மட்டுமாவது ஈடுகட்டுங்கள் என்று கிளப்புகள் கேட்டன. ஆட்டத்துக்குக் காசு வாங்கவே கூடாது என்று தெற்கத்திப் பெரிய மனிதர்கள் மறுத்துவிட்டார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஓட்டலில் கூடி, வடக்குக் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அப்படிப் பிறந்தது ரக்பி லீக். தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் வீடுகள் நம் பக்கம் நிறைய. லீவு போட்டால் கூலி போகும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், விரலை மடக்குங்கள்

முதல் ஆட்டத்தில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். டேக்கிளை மட்டும் எண்ணுங்கள்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் வாய்ப்பு. அதாவது, பந்தோடு ஓடும் ஆளை எதிரணி பிடித்து நிறுத்தினால் ஒன்று. அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட, அடுத்தவர் எடுத்து ஓட, பிடித்தால் இரண்டு. ஆறாவது தடவையும் பிடித்துவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கியதும் நடுவர் கையை உயர்த்திக் காட்டுவார். இனி ஒரே ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். அப்போதுதான் பந்தை உதைப்பார்கள், பெரும்பாலும். நின்ற இடத்தில் பந்தை இழப்பதைவிட, தூர உதைத்து எதிரியை அவன் மூலைக்குத் தள்ளிவிட்டு இழப்பது மேல். எதிரியின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் உயரமாக உதைத்து, தங்கள் ஆளையே அதைப் பிடிக்க ஓடவிடுவார்கள்.

கபடியில் இரண்டு ரெய்டு சும்மா போய்விட்டால் மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’ ஆகிவிடுகிறது அல்லவா? புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அந்த ரெய்டருக்குத் தொண்டை வறண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது விரல் மடங்கும்போது ரக்பி லீக்கில் அதேதான் நடக்கிறது, ஒரு தனி ஆளுக்குப் பதிலாக ஓர் அணிக்கே. இதைச் சொன்னதும் எங்கள் அணியில் லெஃப்ட் கார்னர் ஆடும் பெண், “அப்போ மிஸ், மொதல் அஞ்சும் சும்மாதானா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சும்மா இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் எட்டு, பத்து மீட்டர் முன்னேறினால்தான் கடைசி உதை எதிரியின் மூலைக்குப் போய் விழும். முதல் ஐந்தில் இடம் பிடிக்கவில்லையென்றால் கடைசி வாய்ப்பில் எந்த வீரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் தடுக்கும் அணி ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பத்து மீட்டர் பின்னுக்குப் போக வேண்டும் என்று விதி. பின்னுக்கு ஓடி, உடனே முன்னுக்கு வந்து, பிடித்து, மறுபடி பின்னுக்கு ஓடி என்று 80 நிமிஷம். யார் சோர்கிறார்களோ அவர்கள் பக்கம் கதவு திறக்கும்.

இந்த எண்ணிக்கை ஆட்டம் பிறந்தபோதே வந்ததில்லை. முன்பு ஓர் அணி விடாமல் பந்தை வைத்துக்கொண்டே இருக்கலாம். 1966-ல் நான்கு டேக்கிள் என்று வரம்பு வைத்தார்கள், 1970-களின் தொடக்கத்தில் அது ஆறாக மாறியது. ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

இடையில் நடுவர் மறுபடியும் ஆறு என்று அறிவித்தால், பெரும்பாலும் தடுக்கும் அணி ஏதோ தப்பு செய்திருக்கிறது. மடக்கிய விரல்களை எல்லாம் நீட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள்.

மற்ற விதிகள் கொஞ்சம்தான். கையால் போடும் பந்து முன்னோக்கிப் போகக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் போக வேண்டும். காலால் முன்னுக்கு உதைக்கலாம். பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதைத் தொடர்ந்து எச் வடிவக் கம்பத்துக்கு மேலாக உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 2. ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் ஒரு துள்ளு துள்ளவிட்டுக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் 1. இந்த ஒற்றைப் புள்ளியை அற்பமாக நினைக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். கழுத்துக்கு மேல் பிடித்தால் தப்பு. மோசமான தப்புக்குப் பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும்.

ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

யாருக்காகவாவது மனசு அடித்துக்கொண்டால்தான் ஆட்டம் பிடிக்கும். பத்து அணிகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, சமோவா, டோங்கா, ஃபிஜி, பப்புவா நியூ கினி, லெபனான், குக் தீவுகள், பிரான்ஸ். இதில் ஆஸ்திரேலியா 12 தடவை கோப்பை வாங்கிவிட்டது. அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு உங்கள் கைதட்டல் தேவையில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது ஃபிஜி. காரணம் இருக்கிறது. 1903-லிருந்து 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பல் கப்பலாக ஆட்களை ஃபிஜிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அந்த ஆட்களை அதிகமாகக் கொடுத்த மாவட்டங்களில் ஒன்று நம் பழைய வட ஆற்காடு. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. ஃபிஜியின் நாந்தி நகரில் முருகனுக்கு அவர்கள் வழி வந்தவர்கள் கட்டிய பெரிய கோயில் இன்றும் இருக்கிறது. கோபுரத்தைப் படத்தில் பார்த்தால் நம் பக்கத்துக் கோயில் என்றே நினைப்பீர்கள்.

ரக்பி லீக் அணியில் நம்மூர்ப் பெயர்களைத் தேட வேண்டாம். அங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் ஆடுவது கால்பந்து. ரக்பி ஃபிஜியின் மண்ணின் மக்களுடைய ஆட்டம். அதனால் என்ன? நம் மாவட்டத்து மனிதர்கள் போய் உழைத்து, பிள்ளை பெற்று, செத்து மண்ணான ஒரு நாட்டின் அணி அது. அந்தக் கொடி களத்துக்கு வரும்போது எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. ஆட்டத்துக்கு முன் ஃபிஜி வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று ஒரு பக்திப் பாட்டுப் பாடுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள், ஐந்து நிமிஷம் முன்னாடியே உட்கார்ந்துவிடுங்கள்.

2008, 2013, 2017 மூன்று உலகக் கோப்பைகளிலும் ஃபிஜி அரையிறுதி வரை வந்தது. 2017 காலிறுதியில் நியூசிலாந்தை அவர்கள் மண்ணிலேயே, வெலிங்டனில், 4–2 என்று வென்றார்கள். இரண்டு அணியும் ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை. முழுக்க முழுக்கத் தடுப்பாட்டம். கபடியில் கவர், கார்னர் ஆடும் பிள்ளைகளுக்கு நான் அந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன். 2022 காலிறுதியிலும் அதே நியூசிலாந்தை 24–18 வரை விரட்டிவிட்டுத்தான் தோற்றார்கள்.

ஃபிஜியில் மனசு ஒட்டவில்லையா? சமோவாவைப் பாருங்கள். 2021 உலகக் கோப்பை கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் இங்கிலாந்தில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே சமோவா இங்கிலாந்திடம் 60–6 என்று நொறுங்கியது. நான்கு வாரம் கழித்து, லண்டனில், அரையிறுதியில் மறுபடி அதே இங்கிலாந்து. 80 நிமிஷம் முடிந்தபோது 26–26. கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. ஸ்டீஃபன் கிரைட்டன் தூரத்திலிருந்து அந்த ஒற்றைப் புள்ளி உதையை உதைத்தார். 27–26. இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 30–10 என்று தோற்றார்கள், இருந்தாலும் அந்த உலகக் கோப்பை என்றால் எனக்கு சமோவாதான். ஒரு போட்டியில் படுதோல்வி அடைந்து, பஸ்ஸில் பேசாமல் வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல கதை இல்லை.

பப்புவா நியூ கினியில் ரக்பி லீக் தேசிய விளையாட்டு. அவர்கள் சொந்த ஊரில் ஆடும் ஆட்டம் ஒன்றையாவது பாருங்கள், கூட்டத்தின் சத்தத்துக்காகவே.

ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். போன வருஷம் நியூசிலாந்துக்கு ஆடியவர் இந்த வருஷம் டோங்காவுக்கு ஆடுவார். பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஆட விதியில் இடம் உண்டு. ஜேசன் டாமலோலோ 2017-ல் நியூசிலாந்தை விட்டு டோங்காவுக்கு வந்தார், அந்த உலகக் கோப்பையிலேயே டோங்கா நியூசிலாந்தை 28–22 என்று வென்றது. ஃபிஜியில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய பெட்டேரோ திவோனிதேவா 2013-ல் ஃபிஜிக்கே கேப்டனாக வந்தார். சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பிழைப்புக்காகக் குடும்பம் கடல் தாண்டியது பேரனின் குற்றமா?

நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

அக்டோபர், நவம்பரில் சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். பிரிஸ்பேன் நாலரை மணி நேரம்தான் முன்னால், ஏனென்றால் குயின்ஸ்லாந்தில் கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளிவைப்பதில்லை. போர்ட் மோர்ஸ்பியும் நாலரை. சிட்னியில் இரவு 8 மணி ஆட்டம் என்றால் நமக்கு மதியம் இரண்டரை, பிரிஸ்பேனில் 8 என்றால் மூன்றரை. ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் வேலை நாளில் பள்ளி நேரத்தோடு மோதும், அதனால் சனி, ஞாயிறு ஆட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 8 ஞாயிறு தீபாவளி. போட்டி முடிவை நெருங்கும் சமயம் அது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. மழை பிடித்தால் கரண்ட் போகும், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து எண்களைப் பாருங்கள்

லீக்கில் பெரும்பாலும் முதுகில் உள்ள எண்ணே வேலையைச் சொல்லிவிடும். விரல் மடக்குவது பழகிய பிறகு 9-ஐயும் 7-ஐயும் மட்டும் பின்தொடருங்கள். டேக்கிளுக்குப் பிறகு உருட்டிய பந்தை முதலில் எடுப்பவர் 9. எந்தப் பக்கம் போவது என்ற முதல் முடிவு அவருடையது. 7 ஆட்டத்தை நடத்துபவர், ஐந்தாவது விரலுக்கு உதைப்பவர் பெரும்பாலும் அவர்தான். 8-ம் 10-ம் முன்வரிசையில் மோதிக்கொண்டே இருப்பவர்கள். அவர்கள்தான் முதலில் சோர்ந்து மாற்று ஆட்களுக்கு இடம் விடுவார்கள். அந்த நேரத்தில் எதிரணியின் 7 எந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோகிறார் என்று கவனியுங்கள். புதிதாக வந்தவரைத் தவிர்த்து, களைத்தவரைத் தேடிப் போவார். இது கண்ணில் பட்ட நாளிலிருந்து உங்களுக்கு ஆட்டம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். 1 கடைசித் தடுப்பாளர். அவர் எங்கே நிற்கிறார் என்பது டிவியில் பல சமயம் தெரியாது.

சக்கர நாற்காலி ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்

வேலூர்க்காரர்களாகிய நாம் இதைப் பார்த்தே ஆக வேண்டும். 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை செய்தார். அவர் உழைப்பில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஆட்டம் தெரியாமல் இருக்கக்கூடாது என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

அணிக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும், மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே அணியில் ஆடலாம். தோளில் ஒட்டியிருக்கும் பட்டையை எதிரி பிய்த்தால் அது ஒரு டேக்கிள். இங்கேயும் ஆறுதான். அதே விரல் கணக்கு செல்லும். நாற்காலிகள் மோதும் சத்தம் முதலில் பதற வைக்கும், அப்புறம் அதன் வேகம் பிடித்துப்போகும். 2022 இறுதியில் இங்கிலாந்து பிரான்ஸை 28–24 என்று வென்றது. கடைசி நிமிஷங்களில் கேப்டன் டாம் ஹாலிவெல் அடித்த ட்ரைதான் முடிவு செய்தது. அந்த ஆட்டத்தின் சிறு காட்சித் தொகுப்பைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த வருஷ ஆட்டத்துக்கு உட்காருங்கள்.

மைதானத்தில் ஆடிப் பார்ப்பது

பார்த்தால் பாதிதான் புரியும். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் மீதியும் புரிந்துவிடும். கோட்டை மைதானத்து ஓரமோ, பள்ளி மைதானத்தின் ஒரு மூலையோ போதும். நாற்பது அடி அகலம், எண்பது அடி நீளம், சுண்ணாம்புப் பொடியில் கோடு. ரக்பி பந்து கிடைக்கவில்லை என்றால் கால்பந்தில் தொடங்கலாம். வாங்குவதென்றால் சிறு பிள்ளைகளுக்கு நான்காம் அளவு, பெரியவர்களுக்கு ஐந்தாம் அளவு.

ஆளைப் பிடித்துத் தள்ளும் டேக்கிள் வேண்டவே வேண்டாம். நம் மைதானங்களின் தரை கெட்டி. பழைய புடவையைக் கிழித்து முழ நீளத் துண்டுகளாக்கி, இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கும்படி செருகிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை உருவினால் ஒரு டேக்கிள். உருவியவர் துண்டை உயர்த்திப் பிடித்து எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பந்து வைத்திருந்தவர் உடனே நின்று, பந்தைத் தரையில் வைத்து, உள்ளங்காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். தடுக்கும் அணி ஐந்து அடி எடுத்து வைத்துப் பின்னால் போகட்டும்.

கபடிப் பிள்ளைகளிடம் இரண்டு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்று, பிடித்ததும் விடாமல் இழுப்பது. கபடியில் அதுதான் திறமை, இங்கே நடுவர் சொன்னதும் விட்டு விலகாவிட்டால் தண்டனை. இன்னொன்று, பந்தைக் கொடுத்ததும் முன்னால் ஓடிவிடுவது. பந்துக்கு முன்னால் நிற்கிறவரால் ஒரு பயனும் இல்லை, பின்னால் நின்றால்தான் அடுத்த பாஸ் வாங்க முடியும். இதற்கு ஓட வேண்டாம், முதலில் நடக்கவிடுங்கள். நாலு பேர் ஒரு சாய்ந்த வரிசையில் நடந்தபடி பந்தைப் பின்பக்கமாகக் கைமாற்றிக்கொண்டே மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். பந்து முன்னால் போனால் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது தடங்கலில்லாமல் வந்த பிறகே ஓட்டம்.

ஆட்டம் டிவியில் வரும் நாளில் முதல் பாதியைப் பார்க்கவிட்டு, முடிந்ததும் கையில் பந்தைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். இரண்டாம் பாதியை ராத்திரி பதிவில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கோரை மட்டும் யாரும் முன்னாடியே சொல்லிவிடக் கூடாது.